இரண்டு மாடா, இருபது மாடா? பண்ணை அளவும் ஒரு லிட்டர் பாலின் கணக்கும்

மாட்டுப் பண்ணை வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எத்தனை மாடு?" என்றுதான் முதலில் கேட்போம். பதிலை அநேகமாகக் கடன் தொகையே முடிவு செய்திருக்கும். என் சித்தப்பா மகன் ஒருவர் எட்டு வருடம் வளைகுடாவில் சம்பாதித்ததை எடுத்துவந்து, மேலே கொஞ்சம் கடனும் வாங்கி, பத்து கலப்பினப் பசுக்களை ஒரே மாதத்தில் கொட்டகையில் கட்டினார். இரண்டாம் வருடம் முடியும்போது மூன்று மிஞ்சியது. அவர் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, இரண்டே மாட்டை வைத்துக்கொண்டு ஒரு அக்கா பதினைந்து வருடமாகச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நாமக்கல் பக்கம் அறுபது மாடு வைத்திருப்பவரும் எனக்குத் தெரியும், அவரும் நன்றாகத்தான் இருக்கிறார்.

சின்னது பிழைக்கிறது, பெரியது பிழைக்கிறது, நடுவில் இருந்தது முழுகியது. "பெரிதாகச் செய்தால் செலவு குறையும்" என்று பொருளாதாரப் பாடத்தில் படித்தது இங்கே அப்படியே பொருந்தவில்லையே என்று தோன்றும். அந்தப் பாடம் தவறில்லை. எந்தச் செலவு குறையும், எது கூடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். "திறன்" என்கிறோமே, அதை எந்தப் படியால் அளப்பது? ஒரு மாடு வருடத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பது ஒரு படி. ஒரு கிலோ தீவனத்துக்கு எவ்வளவு பால் என்பது இன்னொன்று. ஒரு ஆள் ஒரு மணி நேரம் உழைத்தால் எத்தனை லிட்டர் என்பது மூன்றாவது. கடைசியில் ஒரு லிட்டருக்குக் கைக்காசு எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது என்பது. ஒரே பண்ணை ஒரு படியில் முதலிடத்திலும் இன்னொரு படியில் கடைசியிலும் நிற்கலாம். யார் பெரியவர் என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேறு படியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

அளவு கூடும்போது செலவு எப்படிக் குறைகிறது என்பதற்கு எளிய உதாரணம் புல் வெட்டும் இயந்திரம். சோளத்தட்டையும் நேப்பியர் புல்லையும் முழுசாகப் போட்டால் மாடு தழையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். நறுக்கிப் போட்டால் வீணாவது வெகுவாகக் குறையும். இயந்திரம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் உழைத்தால் வருடத்துக்குச் சுமார் 3,000. கறவையில் இருக்கும்போது சராசரி எட்டு லிட்டர் கொடுக்கும் ஒரு பசு வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர் தரும். இரண்டு மாட்டு வீட்டில் இந்தச் செலவு 5,000 லிட்டர் மேல் விழுகிறது, லிட்டருக்கு 60 பைசா. இருபது மாட்டுப் பண்ணையில் 50,000 லிட்டர் மேல் விழுகிறது, 6 பைசா. இரண்டு மாட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இயந்திரம் என்று கடையில் விற்பதில்லை. பால் கறக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், போர்வெல் எல்லாம் இந்த ரகம். துண்டு போட்டு வாங்க முடியாத பொருளை யார் முழுசாகப் பயன்படுத்துகிறாரோ அவருக்கு லிட்டர் செலவு குறையும்.

ஆனால் 54 பைசா வித்தியாசத்தில் யாரும் முழுகுவதில்லை. முழுகச் செய்வது கூலியும் தீவனமும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், இது போக்கைப் புரிந்துகொள்வதற்கு மட்டும். பால் லிட்டருக்கு 36 ரூபாய் கிடைக்கிறது. கலப்புத் தீவனம், புண்ணாக்கு, தவிடு எல்லாருக்கும் லிட்டருக்கு 15 ரூபாய் ஆகிறது.

இரண்டு மாட்டு அக்காவுக்குப் பசுந்தீவனம் வரப்பிலிருந்து வருகிறது. வைக்கோல் சொந்த வயலில் கிடைக்கிறது. களை எடுக்கப் போனால் திரும்பும்போது தலையில் ஒரு கட்டுப் புல் இருக்கும். மருந்து, சினை ஊசி, கயிறு, கலப்புத் தீவனம் எல்லாம் சேர்த்துக் கைக்காசு லிட்டருக்கு 18 ரூபாய். மீதி 18. வருடத்துக்கு 5,000 லிட்டர், 90,000 ரூபாய்.

பத்து மாட்டுக்காரருக்கு வரப்புப் புல் போதாது. புல்லும் வைக்கோலும் விலைக்கு, லிட்டருக்கு 9 ரூபாய். வேலைக்கு ஒரு கணவன் மனைவி தங்கியிருக்கிறார்கள், மாதம் 25,000 சம்பளம். வருடத்துக்கு 3 லட்சத்தை 25,000 லிட்டரில் வகுத்தால் லிட்டருக்கு 12. கொட்டகைக் கடனுக்கும் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் 4 ரூபாய். மொத்தம் 40. பாலை 36-க்கு ஊற்றிவிட்டு லிட்டருக்கு நான்கு ரூபாய் கைநட்டம், வருடத்தில் ஒரு லட்சம். என் சித்தப்பா மகனின் கதை இதுதான். அவருடைய மாடு நோஞ்சானும் இல்லை, அவர் சோம்பேறியும் இல்லை.

அதே தம்பதிக்குக் கறவை இயந்திரம் வாங்கிக் கொடுத்து, மாட்டை இருபதாக்கினால் கூலி லிட்டருக்கு 6 ரூபாயாகப் பாதியாகிறது. ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் சொந்தமாகப் புல் போட்டால் புல், வைக்கோல் செலவு 9-லிருந்து 8 ரூபாய்க்கு இறங்கலாம். மொத்தம் 33, கையில் 3 ரூபாய். 50,000 லிட்டருக்கு ஒன்றரை லட்சம். போட்ட முதலுக்கு இது பெரிய லாபம் இல்லைதான், ஆனால் பண்ணை நிற்கிறது.

ஆக, அளவு கூடக்கூடச் செலவு நேர்கோட்டில் இறங்குவதில்லை. முதலில் ஏறி, பிறகு இறங்குகிறது. வீட்டு ஆள் கை முடிகிற இடத்தில் லாபத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கூலி ஆள் முழுசாக வந்துவிட்டார், ஆனால் அவருக்கு முழு வேலை இன்னும் வரவில்லை. வரப்புப் புல் தீர்ந்துவிட்டது, ஆனால் தனியாக நிலம் எடுத்துப் புல் போடும் அளவுக்குப் பண்ணை வளரவில்லை. இந்தப் பள்ளம் சரியாகப் பத்தாம் மாட்டில்தான் இருக்கும் என்பதில்லை. வீட்டில் உழைக்கும் ஆள் மூன்று பேர், கிணற்றோடு மூன்று ஏக்கர் என்றால் பத்து மாட்டையும் கூலி இல்லாமல் ஓட்டிவிடுவார்கள். அவர்களுக்குப் பள்ளம் பதினைந்தில் வரும். தனி ஆளுக்கு நான்கிலேயே வந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அந்த அக்காவின் உழைப்புக்குக் கூலி போடவில்லையே? போடுவோம். சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, புல் அறுத்து, கறந்து, ஊற்றிவிட்டு வர ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்றால் வருடத்துக்கு 73,000. லிட்டருக்கு 14 ரூபாய் 60 பைசா. 18-ஓடு சேர்த்தால் 32 ரூபாய் 60 பைசா. இப்படிப் பார்த்தால் இருபது மாட்டுப் பண்ணைக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. உழைப்பு நேரம் என்ற படியால் அளந்தால் அவர் பின்தங்கியே இருப்பார். ஆனால் விடிகாலை ஒன்றரை மணி நேரமும் சாயங்காலம் இரண்டரை மணி நேரமுமாகச் சிதறிக் கிடக்கும் அந்த நேரத்தை வேறு யார் கூலி கொடுத்து வாங்குவார்கள்? வேறு விலை போகாத நேரமும் வேறு விலை போகாத புல்லும் பாலாகிறது. பால் விலை ஐந்து ரூபாய் இறங்கினாலும் அவர் மாட்டை விற்க மாட்டார். பெரிய பண்ணை அன்றைக்கே தடுமாறும்.

பயிர் விவசாயத்தில் இதே விஷயம் அறுபது வருடத்துக்கு முன்பே பேசப்பட்டது. 1950-களில் இந்தியாவில் எடுத்த பண்ணைக் கணக்குகளில் சிறு நிலத்தில்தான் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம் என்று தெரிந்தது. 1962-இல் அமர்த்தியா சென் அதற்குச் சொன்ன விளக்கம் குடும்ப உழைப்பு. கூலி ஆளை, கொடுக்கும் கூலிக்கு வரவு இருக்கும்வரைதான் வேலை வாங்குவோம். சொந்தக் கையை அதையும் தாண்டி, துளி வரவு இருந்தாலும் போடுவோம்.

சிறு பண்ணைக்கு இன்னொரு பலம் உண்டு, அது கண். மாடு 21 நாளுக்கு ஒரு முறை சினைப் பருவத்துக்கு வரும். அந்த அறிகுறி நிற்பது ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம். காலையில் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி என்பது நடைமுறை. அந்த அக்கா கறக்க உட்காரும்போதே, "இன்னைக்கு அரைப்படி குறையுது, காதை ஆட்டிக்கிட்டே நிக்குது" என்பார். எழுந்து பின்பக்கம் போய் வாலைத் தூக்கிப் பார்ப்பார். கண்ணாடி மாதிரி வழும்பு கம்பியாகத் தொங்கும். பால் ஊற்றிவிட்டு வரும்போதே டாக்டருக்குப் போன் போய்விடும். சில மாடு கத்தவே கத்தாது, ஊமைப் பருவம் என்பார்கள். தினமும் தொட்டுக் கறக்கும் கைக்குத்தான் அது தெரியும். பத்து மாட்டில் கூலி ஆள் அதைக் கவனிக்காமல் விட்டால் மூன்று வாரம் போச்சு. மேலே போட்ட கணக்குப்படி ஒரு மாட்டின் தீனி நாளைக்கு 160 ரூபாய். ஒரு பருவம் தவறினால் 3,000 ரூபாய்க்கு மேல் சும்மா போகிறது. கன்று ஈன்று பதின்மூன்று மாதத்தில் அடுத்த கன்று வர வேண்டிய மாடு பதினெட்டு மாதம் இழுப்பது இப்படித்தான். பால் வற்றிப்போய்ச் சினையும் இல்லாமல் நிற்கும் மாடுதான் பண்ணையின் பெரிய திருடன்.

பெரிய பண்ணைகள் இந்தக் கண்ணை விலைக்கு வாங்குகின்றன. கழுத்தில் கட்டும் பட்டையும் காலில் கட்டும் கருவியும் மாடு எத்தனை அடி நடந்தது, எவ்வளவு நேரம் அசை போட்டது என்று எண்ணி, கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். நூறு மாட்டுக்கு அது கட்டுப்படியாகும். பத்து மாட்டுக்குக் கருவியும் கட்டாது, முதலாளியின் கண்ணும் போதாது. மறுபடியும் அதே பள்ளம்.

அளவு கூடும்போது கூடவே வளரும் தொல்லைகளும் உண்டு. சாணி அதில் ஒன்று. ஒரு கலப்பினப் பசு நாளைக்கு ஏறக்குறைய 15 கிலோ போடும். இரண்டு மாட்டு வீட்டில் அது எரு, வருடத்துக்கு இரண்டு மூன்று டிராக்டர் விற்கலாம் அல்லது சொந்த வயலுக்கு அடிக்கலாம். ஐம்பது மாட்டில் நாளைக்கு முக்கால் டன். அள்ள ஆள், கொட்ட இடம், ஈ, பக்கத்து வீட்டுப் புகார். நோயும் அப்படித்தான். கோமாரி இரண்டு மாட்டுக்கு வந்தால் அந்த வீட்டுக்கு இடி. ஆனால் சந்தையிலிருந்து மாதம் ஒரு மாடு வாங்கிக் கட்டும் பண்ணைக்குள் நோய் நுழைய ஆயிரம் வழி. மடிநோய் ஒரு மாட்டிலிருந்து கறப்பவர் கை வழியாகவே அடுத்ததற்குப் போகும். இடர் என்ற வகையில் பெரிய பண்ணைக்கு ஒரு நன்மையும் இருப்பதை மறைக்கக் கூடாது. இரண்டில் ஒன்று படுத்தால் வருமானத்தில் பாதி போச்சு. இருபதில் ஒன்று படுத்தால் ஐந்து சதவீதம்.

இந்த இடத்தில் எல்லாரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பண்ணை பெரிதாக இருப்பது வேறு, மாடு அதிகமாகக் கறப்பது வேறு. ஒரு மாடு தின்பதில் ஒரு பங்கு அதன் உடம்பைக் காப்பாற்றவே போகும். பால் கறக்காவிட்டாலும் அந்தச் செலவு உண்டு. நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் இரண்டு மாட்டுக்கு இரண்டு உடம்புச் செலவு. பதினாறு லிட்டர் கறக்கும் ஒரு மாட்டுக்கு ஒன்றுதான். "பெரிய பண்ணையில் செலவு குறைவு" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்தக் கறவைத் திறனால் வருவது. நல்ல கிடேரி, அளந்த தீனி, நாள் முழுக்கத் தண்ணீர், மே மாதத்தில் நிழல் இருந்தால் இரண்டு மாட்டு வீட்டிலும் அதில் பெரும்பகுதி கிடைக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர் மூன்றாவது மாடு வாங்கும் காசை முதல் இரண்டு மாட்டின் தீனிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போடுவது பல நேரம் அதிக லாபம் என்பது என் கருத்து.

வெளிநாட்டுக் கதையையும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் பெரிய பண்ணைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அங்கேதான் கைகாட்டுவார்கள். அமெரிக்காவில் 2002-க்கும் 2019-க்கும் நடுவில் பால் பண்ணைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. மொத்தப் பால் குறையவில்லை, கூடியது. இரண்டாயிரம் மாட்டுக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைகளுக்கு லிட்டர் செலவு சிறு பண்ணைகளைவிடத் தெளிவாகக் குறைவு என்று அவர்களுடைய வேளாண் துறைக் கணக்கே சொல்கிறது. கறவைக் கூடம் ஏறக்குறைய இரவு பகலாக ஓடும். ஒரு மாடு வருடத்துக்கு 10,000 லிட்டருக்கு மேல் கொடுக்கும். அங்கே கூலி அதிகம், நிலமும் இயந்திரமும் மலிவு. ஆகவே மனிதக் கையை மிச்சப்படுத்துகிறவர்தான் ஜெயிப்பார்.

நியூசிலாந்து வேறு மாதிரி. சராசரிப் பண்ணையில் 440 மாடு போல இருக்கும், ஆனால் ஒரு மாடு கொடுப்பது அமெரிக்க மாட்டில் பாதிகூட இல்லை. இருந்தும் உலகச் சந்தையில் அவர்கள் பாலை மலிவாகக் கொடுத்தார்கள். காரணம் புல். மாடு நடந்து போய் மேய்ந்து வருகிறது. புல் துளிர்க்கும் வசந்தத்தில் எல்லா மாடும் ஒன்றாகக் கன்று போடும்படி திட்டமிட்டு, குளிர்காலத்தில் மொத்தமாகக் கறவையை நிறுத்திவிடுவார்கள். மீன் முள் வடிவில் மாடுகள் சாய்வாக நிற்க, நடுப் பள்ளத்தில் ஆள் நின்று கறக்கும் கூடத்தை 1952-இல் அங்கே ரான் ஷார்ப் என்ற விவசாயி கட்டினார். குனிந்து நிமிர்ந்து மாட்டுக்கு மாடு நடப்பது மிச்சம். ஆள் நேரம் என்ற படியில் அது பெரிய தாவல்.

அளவுக்கு எல்லை எங்கே என்று பார்க்க சவூதி அரேபியா போதும். அல்மராய் நிறுவனம் பாலைவனத்தில் பல்லாயிரம் மாடுகளைக் குளிரூட்டிய கொட்டகையில் வளர்க்கிறது. நிலத்தடி நீர் தீர்கிறது என்று உள்ளூர்த் தண்ணீரை மிச்சப்படுத்தும் பக்கம் அரசு திரும்பியபோது, அந்த நிறுவனம் 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கி, குதிரைமசால் என்ற தீவனப் பயிரை வளர்த்துக் கப்பலில் ஏற்றியது. நெதர்லாந்தில் எல்லையை வைத்தது சாணி. இவ்வளவு பால்தான் கறக்கலாம் என்று வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2015 ஏப்ரலில் ஐரோப்பாவில் எடுக்கப்பட்டதும் மாட்டு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். சாணியில் இருக்கும் பாஸ்பேட் சத்து, அதற்கு வைத்திருந்த உச்சவரம்பைத் தாண்டியது. 2018 முதல் பாஸ்பேட் உரிமை இருந்தால்தான் மாடு என்றாகிவிட்டது.

நம் நாட்டில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட கிராமக் குடும்பங்கள் பாலில் இருக்கின்றன, பெரும்பாலானவர் கையில் ஒன்றிரண்டு மாடு. 2023-24-இல் நாட்டின் மொத்தப் பால் ஏறக்குறைய 23.9 கோடி டன், உலகின் பாலில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கம். இவ்வளவு சின்னக் கைகளால் இது எப்படி முடிந்தது? மாடு வளர்ப்பதற்குத் தேவையான அளவும், பாலைக் குளிர்வித்து விற்பதற்குத் தேவையான அளவும் வேறு வேறு என்பதைச் சிலர் கண்டுகொண்டதால்தான். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் விவசாயிகள் தனியார் கொள்முதலை எதிர்த்துப் பாலை ஊற்ற மறுத்து, சொந்தச் சங்கம் அமைத்தார்கள். வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்கு வந்தார், அது அமுல் ஆனது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த மாதிரியை நாடெங்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் ஆவின் அந்த வழியில் வந்ததுதான்.

மாட்டைக் கவனிக்க வீட்டு அளவு போதும். ஆனால் கறந்த பாலைச் சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இரண்டு மாட்டுக்காரர் அதற்குத் தொட்டி வாங்க முடியாது. நூறு வீட்டுப் பால் ஒரே தொட்டியில் விழுந்தால் லிட்டருக்குச் சில்லறைச் செலவுதான். சினை ஊசி, கலப்புத் தீவன ஆலை, டேங்கர், பாக்கெட், விளம்பரம் எல்லாம் இப்படியே. சின்னது அதற்குரிய இடத்தில் சின்னதாகவும், பெரியது அதற்குரிய இடத்தில் பெரியதாகவும் இருந்தது. சொசைட்டி ஒழுங்காக நடக்காத ஊரில், அல்லது பால் வண்டி வராத ஊரில், இந்தக் கணக்கு முழுக்க உடையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே இடைத்தரகர் சொல்கிற விலைதான் விலை. சாம்பிள் பாட்டிலில் கொழுப்பும் இதர சத்தும் அவர் சொல்வதுதான்.

அதனால் எத்தனை மாடு வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் எதிர்க்கேள்விதான் கேட்பேன். பொங்கலுக்கு ஆள் ஊருக்குப் போய்விட்டால் மாட்டுப் பொங்கலன்று காலை ஐந்து மணிக்கு யார் கறப்பது? மே மாதம் கிணறு வற்றினால் புல் எங்கிருந்து வரும்? வற்று மாடு நான்கு ஒரே நேரத்தில் நின்றால் அந்த மாதத் தவணை எதிலிருந்து போகும்? மூன்றுக்கும் பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறலாம். பதில் வெளியே இருந்தால் பள்ளத்தை ஒரே தாவலில் தாண்டும் நிலமும் முதலும் வேண்டும்.

சித்தப்பா மகன் இப்போது அந்த மூன்று மாட்டோடு இருக்கிறார். கூலி ஆள் இல்லை, அவரும் அண்ணியுமே கறக்கிறார்கள். பெரிய கொட்டகையின் மீதிப் பாதியில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மக்காச்சோள மூட்டை அடுக்கி வைத்து மாத வாடகை கொடுக்கிறார். போன வாரம் பார்த்தபோது நான்காவதாக ஒரு கிடேரி பார்த்திருப்பதாகச் சொன்னார். சினை ஆறு மாதமாம். விலையைச் சொல்வதற்கு முன்பே, "புல்லுக்கு வழி பண்ணிட்டேன்" என்றார்.